பெங்களூரில் சிறை மீண்டோர் மறுவாழ்வும் மனநல நெருக்கடி உதவியும்

சிறையிலிருந்து வெளிவருவோருக்குத் தங்குமிடம், வேலை, மருந்து, சட்ட உதவி ஆகியவற்றைத் தேடித்தருவது மறுவாழ்வுப் பணி. மனநோயாலோ போதையாலோ தற்கொலை எண்ணத்தாலோ தவிப்பவர் காவல்துறையின் கண்ணில் படும்போது, அவரை லாக்கப்புக்கு அனுப்பாமல் மருத்துவமனையில் சேர்ப்பது நெருக்கடி உதவி. அரசு ஏடுகளில் இவை வெவ்வேறு துறைகள். பெங்களூர் மத்தியச் சிறையைப் பற்றிக் கிடைத்துள்ள சான்றுகளைப் பார்த்தால், இரண்டும் பெரும்பாலும் ஒரே மனிதர்களைப் பற்றியவை என்பது தெரியும்.

நகரின் பழைய மத்தியச் சிறை இன்று ஃப்ரீடம் பார்க். நெருக்கடி நிலைக் காலத்தில் வாஜ்பாய், அத்வானி உள்ளிட்டோர் அங்கே அடைக்கப்பட்டிருந்தனர். 'சம்ஸ்காரா' திரைப்படத்தில் நடித்த சினேகலதா ரெட்டியும் 1976-இல் அங்கே கொண்டுவரப்பட்டார். கடும் ஆஸ்துமா நோயாளியான அவர், தம் நோயையும் மீறிப் பெண் கைதிகளின் உணவுக்காகவும் அவர்கள் நடத்தப்படும் முறைக்காகவும் போராடினார். உடல்நிலை முற்றிலும் குலைந்த பிறகு, 1977 ஜனவரி 15 அன்று பரோலில் அனுப்பப்பட்டார். ஐந்தாம் நாள் இறந்தார். உள்ளே தரப்படாத சிகிச்சையின் விளைவை வெளியே வந்த உடல் சுமக்கிறது என்பதற்கு, நகரின் வரலாற்றில் இதைவிடத் துயரமான சான்று இல்லை.

சிறை பின்னர் பரப்பன அக்ரஹாராவுக்கு மாறியது. தமிழ் வாசகர்கள் அந்தப் பெயரை 2014-இல் ஜெயலலிதாவும் 2017 முதல் 2021 வரை சசிகலாவும் அங்கே இருந்ததால் அறிவார்கள். அதே சிறையில் பெயர் வெளியே தெரியாத ஆயிரக்கணக்கானோரிடம் நடத்தப்பட்ட ஆய்வுதான் இந்தியச் சிறை மனநலத்தைப் பற்றிப் பேசும் எவரும் தவிர்க்க முடியாதது. மனநல மருத்துவர்கள் சுரேஷ் படா மத், பிரதிமா மூர்த்தி முதலானோர் நடத்திய அந்த ஆய்வை, நாட்டின் முதன்மையான மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2011-இல் வெளியிட்டது. 5,024 கைதிகளில் 79.6 விழுக்காட்டினருக்கு மனநோயோ போதைப் பழக்கமோ இருப்பது கண்டறியப்பட்டது. போதைப் பழக்கத்தைக் கழித்துவிட்டாலும் 27.6 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருந்தது. நிம்ஹான்ஸ் ஓசூர் சாலையில் இருக்கிறது. சிறையும் அதே சாலையை ஒட்டித்தான். விடுதலையானவர் சிகிச்சையைத் தொடர்வதற்குத் தொலைவு இங்கே பெரிய தடையல்ல.

பெரிய தடை, யார் எப்போது வெளியே போவார் என்பது தெரியாததே. இந்தியக் கைதிகளில் ஏறத்தாழ நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். 2016-ஆம் ஆண்டின் மாதிரிச் சிறைக் கையேடு, விடுதலைக்குப் பிந்தைய பராமரிப்புக்கான திட்டமிடல் கைதி உள்ளே வந்தவுடனேயே தொடங்க வேண்டும் என்கிறது. நடைமுறையில் இத்தகைய திட்டங்கள் விடுதலைத் தேதி தெரிந்த தண்டனைக் கைதியை மனத்தில் வைத்தே வகுக்கப்படுகின்றன. ஜாமீன் உத்தரவு வந்த மாலையில் வாசலுக்கு வரும் விசாரணைக் கைதியின் கையில் மாத்திரையோ மருத்துவச் சீட்டோ இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானோரை ஆராய்ந்து 2007-இல் வெளியான ஆய்வு, முதல் இரு வாரங்களில் அவர்கள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 12.7 மடங்கு என்று கண்டது. அளவு மீறிய போதைப்பொருளே முதற்காரணம். இங்குள்ள சூழல் வேறு. ஆனாலும், முதல் இரு வாரங்களை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி இங்கும் அதேதான்.

ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்கள் உண்டு. பிழைப்புக்காக வேற்று மாநிலத்திலிருந்து பெங்களூர் வந்த கட்டடத் தொழிலாளி, சொத்துள்ள உள்ளூர் ஜாமீன்தாரருக்கு எங்கே போவார்? 1978-இல் மோத்தி ராம் என்ற கொத்தனாரின் வழக்கில், அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருப்பதாகச் சொல்லி அவருடைய ஜாமீன் பொறுப்பை ஏற்க மறுத்ததை உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் கண்டித்தார். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியேறாவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. அதே ஆண்டில் வந்த மத்திய அரசுத் திட்டம், ஏழைகளின் ஜாமீனுக்கு 40,000 ரூபாய் வரையும் அபராதத்துக்கு 25,000 ரூபாய் வரையும் தர வகைசெய்தது. சசிகலாவின் விடுதலைக்கு முன் 10 கோடி ரூபாய் அபராதம் கட்டப்பட்டது. சில ஆயிரம் ரூபாய் இல்லாமல் கூடுதல் நாள் கழிக்கும் ஏழைக்கு இந்தத் திட்டம் சிறை அலுவலகத்திலிருந்து சென்று சேர வேண்டும். தானாகத் தேடி வந்து கேட்கும் நிலையில் அவர் இல்லை.

சிறை வாசலுக்கு முந்தைய கட்டத்தில் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகவே பேசுகிறது. அதன் 100-ஆம் பிரிவின்படி, தன்னைப் பார்த்துக்கொள்ள இயலாமல் தெருவில் அலையும் மனநோயாளியைக் காவல் நிலையம் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். லாக்கப்பில் வைக்கவே கூடாது. 103-ஆம் பிரிவு மாநிலத்துக்கு ஒரு சிறையிலாவது மனநல மருத்துவப் பிரிவு வேண்டும் என்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ளப்பட வேண்டும் என்பது 115-ஆம் பிரிவு.

நிம்ஹான்ஸை மையமாகக் கொண்டு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி-மானஸ் (எண் 14416) தொலைபேசியில் ஆலோசனை தருகிறது. ஆனால் கத்தியோடு மொட்டைமாடியில் நிற்பவரின் வீட்டுக்குப் போவது ஆலோசகர் அல்லர். 112-க்கு அழைப்பு வந்ததும் விரையும் ஹொய்சளா ரோந்து வண்டியின் காவலர்கள். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரம் 1988-லேயே, இத்தகைய அழைப்புகளுக்கென்று காவலர்களில் ஒரு பகுதியினருக்குத் தனிப் பயிற்சி தந்து, அவர்கள் அழைத்துவருவோரைத் தாமதமின்றி ஏற்க ஒரு மருத்துவமனையையும் இணைத்தது. பெங்களூர் பின்பற்றத்தக்க பகுதி அந்த இரண்டாவது ஏற்பாடு. நோயாளியை இறக்கிவிட இடமில்லாத காவலர், எவ்வளவு நல்ல பயிற்சி பெற்றிருந்தாலும், நிலையத்துக்கே திரும்புவார்.

விடுதலைக்குப் பிந்தைய பணியில் தன்னார்வலர் பங்கு பெரிது. 1981-இல் கேரளத்தில் தோன்றி, இன்று பெங்களூரில் தேசிய அலுவலகம் வைத்துள்ள பிரிசன் மினிஸ்ட்ரி இந்தியா என்ற அமைப்பு, விடுதலையானோருக்கு இல்லங்கள் நடத்துகிறது. கர்நாடகம் 2023-இல் தண்டனைக் கைதிகளின் நாட்கூலியை 524 ரூபாயிலிருந்து தொடங்கும்படி உயர்த்தியது நல்ல செயல். விடுதலையாகும் நாளில் கையில் ஒரு தொகை இருக்கும். ரிமாண்டில் மாதக்கணக்கில் கிடந்து, பேருந்துக் கட்டணத்துக்கே வழியின்றி வெளியேறும் விசாரணைக் கைதிக்கு இதனால் பயனில்லை. அவருக்கு உடனடித் தேவைகள் மூன்று: இரு வார மருந்து, நிம்ஹான்ஸிலோ ஊருக்கு அருகிலோ மருத்துவரைப் பார்க்கக் குறித்த ஒரு தேதி, சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் அவர் பெயரை அறிந்த ஓர் ஆள். இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. ஜாமீன் மனு தாக்கலாகும் நாளிலேயே மூன்றையும் ஏற்பாடு செய்துவிடலாம்.