மரத்தைக் காத்த கிண்ணம்

கதவுக்கும் சன்னலுக்கும் எண்ணெய் வண்ணம் பூசுவோர், வண்ணத்தை இளக்கவும் தூரிகையைக் கழுவவும் கற்பூரத் தைலத்தைப் பயன்படுத்துவது நெடுநாளைய வழக்கம். டர்பன்டைன் எனப்படும் அத்தைலம் பைன் மரத்தின் காயத்திலிருந்து பிறப்பது. ஊசி போன்ற இலைகளையுடைய அம்மரத்தை வெட்டிப் புண்படுத்தினால், புண்ணை மூடிக்கொள்வதற்காக அது பிசினைச் சுரக்கிறது. அப்பிசினைக் கொப்பரையிலிட்டுக் காய்ச்சும்போது ஆவியாக எழுந்து குளிர்ந்து இறங்குவது தைலம். அடியில் எஞ்சுவது ரோசின் என்னும் கட்டிப் பொருள். வயலின் வில்லில் தேய்க்கப்படுவதும், எழுதும் மை பரவாதிருக்கத் தாளிற் சேர்க்கப்பட்டதும், சவர்க்காரத்திற் கலக்கப்பட்டதும் இந்த ரோசினே. அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென் மாநிலங்களில் தலைமுறை தலைமுறையாகத் தழைத்த இத்தொழில், இருபதாம் நூற்றாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ முற்றும் மறைந்தது. அது தழைத்ததற்கும் தளர்ந்ததற்கும் உரிய காரணங்கள் சிந்தனைக்குரியன.

இதன் தொடக்கம் கடலிலே உள்ளது. மரக்கலங்களின் பலகை இடுக்குகளில் நீர் புகாதிருக்கவும், கயிறுகள் உளுத்துப் போகாதிருக்கவும் தாரும் கீலும் வேண்டியிருந்தன. அவற்றுக்காகச் சுவீடனையும் பால்டிக் கடற்கரை நாடுகளையும் நம்பியிருந்த இங்கிலாந்து, 1705ஆம் ஆண்டில் சட்டம் இயற்றி, தன் அமெரிக்கக் குடியேற்றங்கள் அனுப்பும் தாருக்கும் கீலுக்கும் ஊக்கத்தொகை அளித்தது. வட கரோலினாவின் நீளிலைப் பைன் காடுகள் இவ்வாறு வணிகத்துக்குத் திறக்கப்பட்டன. காலப்போக்கில் தாரின் தேவை குறைந்தபோது தைலத்தின் தேவை வளர்ந்தது. விளக்கெரிக்கவும், வண்ணமும் மெருகெண்ணெயும் குழைக்கவும், பச்சை ரப்பரைக் கரைக்கவும் அது பயன்பட்டது.

பிசின் எடுத்த பழைய முறை கொடுமையானது. குளிர்காலத்தில் மரத்தின் அடியில், உயிருள்ள மரத்தையே குடைந்து ஒரு குழி வெட்டுவர். இளவேனில் தொடங்கியதும் வாரந்தோறும் குழிக்கு மேலே பட்டையையும் மரத்தையும் சாய்வாகச் சீவுவர். வடியும் பிசின் குழியில் வந்து தேங்கும். ரப்பர்த் தோட்டங்களை அறிந்தோர்க்கு இவ்வேலை புதிதாகத் தோன்றாது. ஆனால் ரப்பர்ப் பால் பட்டையிலே ஊறுவது. பைன் பிசினோ பட்டைக்கு உள்ளேயுள்ள மரத்திலிருந்து வடிவது. எனவே வெட்டு ஆழமாயிற்று. அடி குடையப்பட்ட மரங்கள் காற்றில் முறிந்தன. பிசின் படிந்த வெட்டுகளைத் தீ எளிதிற் பற்றிக்கொண்டது. சில ஆண்டுகளில் ஒரு காடு பயனற்றுப் போக, தொழில் அடுத்த காட்டை நாடிச் சென்றது. வட கரோலினாவிலிருந்து தென் கரோலினா, ஜார்ஜியா, புளோரிடா எனத் தெற்கே நகர்ந்து, பின்னர் மேற்கே டெக்சாஸ் வரை அது பரவியது. 1880களிலிருந்து ஏறத்தாழ 1920 வரை ஜார்ஜியாவின் சவான்னா துறைமுகமே இச்சரக்கின் தலையாய சந்தையாக விளங்கியது.

இந்த அழிவைக் கண்டு மாற்று வழி தேடியவர் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் வேதியியல் அறிஞர் சார்லஸ் ஹெர்ட்டி. பெர்லின் சென்றிருந்தபோது, ஓட்டோ விட் என்னும் பேராசிரியர் அமெரிக்கர் காட்டை அழிக்கும் முறையைக் கடிந்துரைத்தது அவர் நெஞ்சில் தைத்தது. தாயகம் திரும்பிய ஹெர்ட்டி, 1901இல் ஸ்டேட்ஸ்பரோ நகருக்கு அருகில் சோதனைகளைத் தொடங்கினார். குழி குடைவதை விடுத்து, மரத்தில் தகரத் தகடுகளைச் செருகி, அவற்றின் கீழே சுட்ட மண்ணாலான ஒரு கிண்ணத்தைத் தொங்கவிட்டார். 1903இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பிசின் மிகுதியாகவும் தூய்மையாகவும் கிடைத்தது. மரமும் நெடுநாள் நின்றது. சில ஆண்டுகளுக்குள் தென்னகக் காடுகளில் கிண்ணங்கள் எங்கும் தொங்கின.

மரத்தைக் காக்கக் கிண்ணம் வந்தது; மரத்தைச் சீவிய மனிதனைக் காக்க யாது வந்தது? 1865 வரை அடிமைகளாயிருந்த கறுப்பின மக்களே இவ்வேலையைச் செய்தனர். விடுதலைக்குப் பின்னரும் பெரும்பாலும் அவர்களே செய்தனர். ஊருக்கு வெளியே, காட்டு நடுவில் குடிசை வரிசைகள். அங்கே முதலாளியின் கடை ஒன்றே கடை. மாவும் உப்பும் பன்றியிறைச்சியும் அக்கடையிற் கடனாகப் பெற்றவன், கணக்குத் தீர்க்கும் நாளில் மீண்டும் கடன்காரனாகவே நின்றான். கடன் தீராதவன் முகாமை விட்டு நீங்க முடியாது. குதிரையேறிய மேற்பார்வையாளர் காடெங்கும் சுற்றி வந்து வேலையை மேற்பார்த்தனர்.

கடனுக்காக ஓடிப்போன இரு தொழிலாளரைப் பிடிக்க, ஜார்ஜியாவைச் சேர்ந்த சாமுவேல் கிளையட் என்னும் தைலத் தொழிலதிபர் புளோரிடாவுக்கே சென்றார். அவ்வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றத்தை எட்டியது. கடனுக்காக ஒருவரைக் கட்டாய வேலையில் வைப்பதைத் தடுக்கும் 1867ஆம் ஆண்டுச் சட்டம் செல்லும் என 1905இல் அம்மன்றம் உறுதி செய்தது. ஆயினும் சான்று போதவில்லையென்று கிளையட் மீதான தண்டனை நீக்கப்பட்டது. சட்டம் வென்றது, சட்டத்தை மீறியவரும் தப்பினார். இதனினும் கொடிது, சிறைக்கைதிகளைத் தைலக் காடுகளுக்கும் மரக்காடுகளுக்கும் வாடகைக்கு விட்ட வழக்கம். 1922இல் மார்ட்டின் டாபர்ட் என்னும் வெள்ளை இளைஞன், பயணச்சீட்டின்றித் தொடர்வண்டியில் ஏறிய குற்றத்துக்காகப் புளோரிடாவின் மரம் வெட்டும் முகாமொன்றுக்கு அனுப்பப்பட்டு, கசையடிபட்டு இறந்தான். நாடே கொதித்தெழுந்த பின்னரே, 1923இல் அவ்வழக்கம் அம்மாநிலத்தில் முற்றும் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன் மடிந்த கறுப்பினத்தவர்க்காக எந்தச் சட்டமன்றமும் அவ்வாறு விரையவில்லை. 1939இல் எழுத்தாளர் ஜோரா நீல் ஹர்ஸ்டன் புளோரிடாவின் கிராஸ் சிட்டிக்குச் சென்று, முகாம் மக்களின் வாழ்வைக் கேட்டறிந்து எழுதியதால் அவர்தம் குரல் ஓரளவேனும் ஏட்டிலேறியது.

'தைல விவசாயம்' என்னும் பெயரிலும் ஒரு நுட்பம் உண்டு. 1931இல் பைன் பிசின் சட்டப்படி வேளாண் விளைபொருளாக்கப்பட்டது. 1936இல் ஜார்ஜியாவின் வால்டோஸ்டாவில், நீதிபதி ஹார்லி லாங்டேல் தலைமையில் அமெரிக்க டர்பன்டைன் விவசாயிகள் சங்கம் தோன்றியது. அரசின் விலை ஆதரவு பிசினுக்குக் கிட்டியது. ஆனால் 1938இல் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் வந்தபோது, வேளாண் தொழிலாளர் அதிலிருந்து விலக்கப்பட்டனர். பிசின் தொழிலாளரும் அவ்விலக்கில் அடங்கினர். ஒரே சொல் முதலாளிக்கு நிழலாயிற்று, தொழிலாளிக்கு வேலியாயிற்று.

அப்படியும் தொழில் நிலைக்கவில்லை. வெட்டுண்ட பைன் மரங்களின் அடிக்கட்டைகளைத் தோண்டியெடுத்துத் தைலமும் ரோசினும் பிரிக்கும் ஆலைகள் முன்பே போட்டியிட்டன. பின்னர்த் தாள் ஆலைகள், மரக்கூழ் காய்ச்சும்போதே துணைப்பொருளாகத் தைலத்தை மலிவாகப் பெற்றன. வண்ணம் இளக்கப் பெட்ரோலிய நீர்மங்கள் வந்தன. நீரிற் கரையும் வண்ணங்களும் வந்தன. புளோரிடாவின் ஒலஸ்டீ ஆய்வு நிலையத்தார், வெட்டில் கந்தக அமிலம் தெளித்துச் சீவும் வேலையைக் குறைக்கும் முறையை வகுத்தும் போதவில்லை. ஒவ்வொரு மரத்தையும் ஒரு கை தொட்டே ஆகவேண்டிய தொழில் இது. அந்தக் கைகளோ இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வடக்கின் ஆலைகளை நோக்கிப் புறப்பட்டன. 1966ஆம் ஆண்டுத் திருத்தம் வேளாண் தொழிலாளருள் ஒரு பகுதியினர்க்கும் குறைந்தபட்ச ஊதியத்தை விரித்தது. 2001ஆம் ஆண்டில், வணிகத்துக்கெனப் பிசின் எடுக்கும் வழக்கம் ஜார்ஜியாவில் முடிவுக்கு வந்தது.

ஆயினும் பிசின் தொழில் உலகினின்று மறையவில்லை. சீனா, பிரேசில், இந்தோனேசியா ஆகிய நாடுகளில் இன்றும் பைன் மரங்கள் சீவப்படுகின்றன. கூலி உயர்ந்த இடத்தை விட்டுக் கூலி குறைந்த இடத்துக்கு அது பெயர்ந்தது, அவ்வளவே. அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென் மாநிலங்களில் ஒரு காலத்தில் ஏறத்தாழ 90 மில்லியன் ஏக்கர் பரந்திருந்த நீளிலைப் பைன் காடுகள், பிசினுக்கும் பலகைக்கும் உழவுக்கும் இரையாகி, 1990களில் 3 மில்லியன் ஏக்கர் அளவுக்குச் சுருங்கின. எஞ்சிய சில முதுமரங்களில், பூனையின் மீசையைப் போன்ற பழைய வெட்டுத் தழும்புகள் இன்னும் தெரிகின்றன. அவற்றை அம்மக்கள் பூனைமுகம் என்கின்றனர்.

இத்தொழிலை வீழ்த்தியது தாள் ஆலையும் பெட்ரோலியமும் மட்டும் என்று கூறிவிடுதல் முழு உண்மையாகாது. உழைப்பின் விலையைக் கணக்கிற் சேர்க்காமலே அது நூறாண்டுகளுக்கு மேல் இலாபம் கண்டது. அவ்விலையைச் சேர்க்க நேர்ந்த நாளில் அதன் கணக்கு நிற்கவில்லை. ஹெர்ட்டியின் கிண்ணம் அறிவின் வெற்றி, ஐயமில்லை. ஆனால் மரத்தின் புண்ணைக் கண்ட கண்கள், அதன் அடியில் நின்ற மனிதனின் புண்ணைக் காண எத்துணைக் காலம் எடுத்துக்கொண்டன என்பதையும் வரலாறு பயில்வோர் மறத்தலாகாது. மரத்தின் தழும்பு பட்டையில் நிற்கிறது. மனிதனின் தழும்பு ஏட்டில் எழுதப்பட்டால் மட்டுமே நிற்கும்.