அப்பத்தாவின் பல்செட்டும் திருக்கோகர்ணத்து மெழுகும்

இந்த எபிசோட் ஒரு எவர்சில்வர் டம்ளர்ல இருந்து ஆரம்பிக்குது. அந்த டம்ளருக்குள்ள தண்ணியில கிடக்குறது எங்க அப்பத்தாவோட கீழ்ப் பல்செட்டு.

அப்பத்தா இருக்கறது புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடி பக்கம். மேல் செட்டு அவங்களுக்கு ஒழுங்கா உட்காந்திருக்கு. கீழ் செட்டைக் கல்யாண வீட்டுக்கு மட்டும்தான் எடுப்பாங்க. "வாயில நீச்சலடிக்குதுய்யா"ன்னு சொல்லுவாங்க. கீழ்த் தாடையில அவங்களுக்கு மிச்சம் இருந்தது ரெண்டே ரெண்டு கோரைப் பல். ஒரு கிளினிக்ல, "அதையும் பிடுங்கிட்டு முழு செட்டாப் போட்டுக்கலாம்"னு சொல்லிட்டாங்க. அப்பத்தாவும் சரின்னுட்டாங்க. எனக்கு மனசு கேக்கல. டவுன்ல இன்னொரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவர் பார்த்துட்டு, "பிடுங்காதீங்க. ரெண்டையும் ஈறு மட்டத்துக்கு அறுத்துட்டு, வேர் சிகிச்சை பண்ணி, மேல ஒரு உலோகத் தொப்பி வைப்போம். செட்டுக்கு அடியில காந்தம் வைப்போம். கச்சுனு பிடிச்சுக்கும்"னார்.

வெளிய வந்ததும் அப்பத்தா கேட்ட முதல் கேள்வி: "ஏய்யா, காந்தம்ங்கிறாரே, காப்பி குடிக்கையில டம்ளர் வாயில ஒட்டிக்கிறாதா?"

நான் சிரிச்சுட்டேன். ஆனா பதில் தெரியல. அதைத் தேடப் போனதுதான் இந்த எபிசோட்.

முதல்ல, அந்த ரெண்டு வேர் ஏன் முக்கியம்? பல்லைப் பிடுங்கினா, அதைத் தாங்கிக்கிட்டிருந்த எலும்புக்கு வேலை இல்லாமப் போயிடும். வருஷா வருஷம் கரையும். தால்கிரென் என்ற ஆய்வாளர் பல்செட்டு போட்டவர்களை 25 வருஷம் தொடர்ந்து பார்த்து 1972ல் வெளியிட்ட ஆய்வில், முன்பக்கம் மேல் தாடையைப் போல ஏறத்தாழ நாலு மடங்கு கீழ்த் தாடை எலும்பு கரைந்திருந்தது. கீழ் செட்டு நீச்சலடிக்கிறதுக்குக் காரணம் அதுதான். வேர் உள்ளே இருக்கற வரைக்கும் அதைச் சுத்தியுள்ள எலும்பு நிக்கும். பிடுங்கிட்டா திரும்ப வராது.

டாக்டர் என்னை அவங்க லேபுக்கும் கூட்டிட்டுப் போனார். சின்ன ரூம்தான். டெக்னீஷியன் ஒருத்தர் பச்சை மெழுகைச் சூடான கரண்டியில தொட்டுத் தொட்டு, ஒரு கடுகு மாதிரி தொப்பியைச் செஞ்சுக்கிட்டிருந்தார். அதுல ஒரு மெழுகுக் குச்சியை ஒட்டினார். ஒரு வளையத்துக்குள்ள நிறுத்தி, மாவு மாதிரி ஒரு கலவையை ஊத்தினார். அது இறுகினதும் அடுப்புல வைப்பாங்களாம். மெழுகு எரிஞ்சு போயிடும், அந்த வெற்றிடத்துல உலோகம் போகும்.

மறுநாள் சும்மா பொழுதுபோக்கத் திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்துக்குப் போனேன். தொண்டைமான் சமஸ்தானக் காலத்தில், 1910ல் தொடங்கினது. செப்புத் திருமேனிகள் இருக்கற பக்கம் வந்தப்பதான் உறைச்சுது: அட, நேத்து லேப்ல பார்த்தது இதேதானே!

கோயில் செப்புத் திருமேனிகள் மெழுகுல பிறந்தவை. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்னைக்கும் அப்படித்தான் செய்யறாங்க. தேன்மெழுகோட குங்கிலியமும் கொஞ்சம் எண்ணெயும் கலந்து உருவத்தைச் செய்வாங்க. காவிரி வண்டல் மண்ணை மெல்லிசா மேல பூசுவாங்க, அப்புறம் கெட்டி மண். காயவச்சு, சூடு காட்டி மெழுகை உருக்கி வெளியேத்திட்டு, அந்தக் குழிவுல உலோகத்தை ஊத்துவாங்க. ஒரு அச்சு, ஒரே சிலை. அச்சை உடைச்சாத்தான் சாமி வெளிய வருவார். (சமஸ்தானத்தோட புகழ்பெற்ற அம்மன் காசு வார்ப்பு இல்லை, அடிச்ச காசு. 1889லிருந்து அது பர்மிங்காம்ல அச்சாகி வந்துச்சு. அது தனி எபிசோட்.)

இவ்வளவு பழைய வித்தை பல் வைத்தியத்துக்கு ஒழுங்கா வந்து சேர்ந்தது 1907ல்தான்னா நம்புவீங்களா? சிகாகோ பல் டாக்டர் வில்லியம் டாகர்ட் அந்த ஜனவரியில நியூயார்க்ல ஒரு கூட்டத்துல செஞ்சு காட்டினார். அதுவரைக்கும் சொத்தைக் குழிக்குள்ள தங்கத் தகடை வச்சுத் தட்டித் தட்டி நிரப்புவாங்க. டாகர்ட் மெழுகு மாதிரி எடுத்துத் தங்கத்தை வார்த்துட்டார். காப்புரிமையும் வாங்கி, மத்த டாக்டர்கள்கிட்ட பணமும் கேட்டார். வழக்கு வந்துச்சு. அயோவாவில் ஃபில்புரூக் என்ற பல் டாக்டர் 1897லேயே இதை எழுதிவச்சிருந்தது தெரிஞ்சு, காப்புரிமை நிக்கல. எனக்கு இதுல சின்னச் சந்தோஷம். சோழர் காலத்து ஸ்தபதி யாரும் கோர்ட்டுக்கு வரலையே தவிர, கேக்கறதுக்கு அவங்களுக்கும் இடம் இருந்துச்சு.

ஆனா டாகர்ட்டுக்கும் நியாயமா ஒரு பேர் உண்டு. சிலைக்கு ஊத்தற உலோகம் தன் எடையிலேயே இறங்கும். பல்லளவு குழிக்கு எடையே கிடையாது. உருகின தங்கம் பாதரசம் மாதிரி உருண்டு வாசல்லயே நிக்கும். அதனால அவர் வாயு அழுத்தம் கொடுத்து உள்ள தள்ளினார். இன்னைக்கு லேப்ல அச்சைச் சுழற்றி, அந்த விசையில உலோகத்தை விரட்டறாங்க. இன்னொண்ணு, குளிரும்போது உலோகம் சுருங்கும். தங்கக் கலவை சுமார் 1.4 சதவீதம், கோபால்ட்-குரோமியம் 2 சதவீதத்துக்கும் மேல. சிலையில அது தெரியாது, உளியால சீவிக்கலாம். பல்லுல மயிரிழை இடைவெளி விழுந்தா அதுக்குள்ள சொத்தை வந்துடும். அதுக்குத்தான் அந்த மாவு. அது இறுகும்போதும் சூடாகும்போதும் கணக்கா விரியும். உலோகம் எவ்வளவு சுருங்குமோ, அச்சு அவ்வளவு முன்னாடியே பெரிசாகி நிக்கும்.

தங்கம் கட்டுப்படியாகாதவங்களுக்கு வந்ததுதான் கோபால்ட்-குரோமியம். அமெரிக்காவில் எல்வுட் ஹெய்ன்ஸ் 1907ல் காப்புரிமை வாங்கின கலவை. 1930 வாக்கில் பல்செட்டுச் சட்டங்களுக்கு வந்துச்சு. இது உருக 1,300 டிகிரி தாண்டணும். அவ்வளவு சூட்டுல ஜிப்சம் மாவு சிதைஞ்சு போகும். பாஸ்பேட் மாவுதான் தாங்கும்.

இப்ப காந்தத்துக்கு வருவோம். நிறைய பேர் நினைக்கற மாதிரி காந்தத்தையே வார்த்து வாயில வைக்கறதில்லை. ஒரு காலத்துல வார்ப்புக் காந்தம் இருந்துச்சு: ஜப்பான்ல மிஷிமா 1931ல் கண்டுபிடிச்ச இரும்பு-நிக்கல்-அலுமினியக் கலவை. அதோட வாரிசுதான் அல்னிகோ. 1953ல் ஃப்ரீட்மன் மேல் செட்டுலயும் கீழ் செட்டுலயும் ஒரே துருவத்தை எதிரெதிரா வச்சு, ஒண்ணை ஒண்ணு தள்ளி அழுத்தட்டும்னு பார்த்தார். 1960ல் பெர்மன் தாடை எலும்புக்குள்ளயே காந்தத்தைப் புதைக்கறதைப் பத்தி எழுதினார். 1960களின் பிற்பகுதியில் சமேரியம்-கோபால்ட், 1980களின் தொடக்கத்தில் சகாவாவின் நியோடிமியம் காந்தம் வந்தப்புறம்தான் மிளகு சைஸ்ல தேவையான பலம் கிடைச்சுது. உங்க இயர்பட்ஸ் டப்பா மூடி டக்குனு ஒட்டுதே, அதே நியோடிமியம்தான்.

பலம் கிடைச்சுது, ஆனா ரெண்டு எதிரி இருந்துச்சு. ஒண்ணு நெருப்பு: நியோடிமியம் காந்தம் சுமார் 310 டிகிரியில காந்தத்தன்மையை முழுசா இழக்கும், அதுக்கு முன்னாடியே தளர ஆரம்பிச்சுடும். 1,000 டிகிரி உலோகத்துப் பக்கத்துல அதை வைக்கவே முடியாது. இன்னொண்ணு எச்சில்: ஈரம் பட்டா அரிச்சுப் பொடியாகும். சிட்னியில் கில்லிங்ஸ் 1980 வாக்கில் செஞ்ச ஏற்பாடு இதுக்கு வழி காட்டிச்சு: காந்தம் செட்டுல இருக்கும், வேர் மேல இருக்கறது வெறும் காந்தம் இழுக்கற உலோகம். அதுக்குப் பேர் கீப்பர். ரெண்டு துருவமும் கீப்பரைப் பார்த்து இருக்கறதால புலம் அதுக்குள்ளயே சுத்தி முடிஞ்சிடும், வாய்க்குள்ள பரவாது. பிறகு காந்தத்தைத் துருப்பிடிக்காத உறைக்குள்ள வச்சு லேசரால பத்தவச்சு மூடினாங்க.

அப்ப நெருப்புக்குள்ள போறது கீப்பரும் தொப்பியும் மட்டும். கீப்பரை மெழுகுலயே பதிச்சு, அதைச் சுத்தித் தங்க-வெள்ளி-பல்லேடியம் கலவையை வார்க்கறது ஒரு முறை. இதுல கீப்பர் மேல ஆக்சைடு படியும். நாளாக நாளாக, ரெண்டு உலோகமும் சேர்ற இடத்துல அரிப்பு வரலாம். அதனால தொப்பியை மட்டும் குழிவோட வார்த்துட்டு, கீப்பரை அப்புறம் சிமென்ட்ல ஒட்டறாங்க. அப்பத்தாவுக்கு டாக்டர் இதைத்தான் தேர்ந்தெடுத்தார். இழுவை சுமார் அரை கிலோ எடை அளவுக்குத்தான். மேல தூக்கினாப் பிடிக்கும். பக்கவாட்டுல தள்ளினா வழுக்கி விட்டுடும். அந்த விட்டுக்கொடுக்கற குணம்தான் பலவீனமான வேரைக் காப்பாத்துது.

ஜப்பான் 2021 செப்டம்பர்ல இதைத் தேசிய மருத்துவக் காப்பீட்டுக்குள்ள கொண்டு வந்துடுச்சு. புதுக்கோட்டையில 2023ல் அரசு பல் மருத்துவக் கல்லூரி வந்திருக்கு. அப்பத்தா மாதிரி ஆளுங்க கைக்காசு போடாம இதைச் செஞ்சுக்கற நாள் வரணும்னு எனக்கு ஆசை.

டாக்டர் ரெண்டு விஷயம் சொல்லி அனுப்பினார். எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்தா முன்கூட்டியே சொல்லணும். செட்டைக் கழட்டினாலும் வேர் மேல இருக்கற கீப்பர் அந்தப் பக்கத்துப் படத்தைக் கெடுக்கும். அப்புறம் செட்டைச் சுடுதண்ணியில போடக்கூடாது. அப்பத்தா இவ்வளவு நாளும் கொதிக்கற தண்ணிதான் ஊத்திக்கிட்டிருந்தாங்களாம்.

டம்ளர் கேள்விக்கும் பதில் சொன்னேன்: "எவர்சில்வர்ல நிக்கல் கலந்தது காந்தத்துல ஒட்டாது அப்பத்தா. கீப்பருக்கு நிக்கல் இல்லாத வேற எவர்சில்வர். காந்தம் அதைத்தான் பிடிக்கும். தைரியமாக் காப்பி குடிங்க." ரொம்பப் படிச்ச பேரன் மாதிரி சொன்னேன்.

போன வாரம் போன் வந்துச்சு. முறுக்குச் சாப்பிட்டாங்களாம், நீச்சல் இல்லையாம். "ஆனா ஏய்யா, ராத்திரி டம்ளர்ல போட்டேன், அடியில டக்குனு ஒட்டிக்கிருச்சு. ஒட்டாதுன்னியே?"

அந்த டம்ளர் நிக்கல் இல்லாத மலிவு எவர்சில்வராம். இப்ப பீங்கான் கிண்ணத்துக்கு மாத்திட்டாங்க.