ரேடியேட்டர் தண்ணீர் எங்கே போயிற்று?

நம் வயதுக்காரர்களில் அம்பாசிடரோ ஃபியட்டோ வைத்திருந்தவர்களுக்கும், அவற்றில் வாடகைக்குப் போனவர்களுக்கும் ஒரு காட்சி மறந்திருக்காது. சாலையோரத்தில் வண்டி நிற்கும். பானெட் திறந்திருக்கும். ஆவி புகைபோலக் கிளம்பும். டிரைவர் கையில் ஒரு பிளாஸ்டிக் குடத்துடன் பக்கத்து வீட்டுக் குழாயைத் தேடிப் போவார். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் காவிரிப் பாலத்தின் மேல் ஊர்ந்த வண்டிகளில் இரண்டு மூன்றாவது இப்படி நின்றுவிடும். வேகம் இல்லாவிட்டால் ரேடியேட்டருக்குக் காற்றும் குறைவு என்பதே காரணம்.

இன்றைய பிள்ளைகள் பானெட்டைத் திறப்பதே இல்லை. ஆகவே, வண்டிக்குள் தண்ணீர் எப்படி வந்தது, அது காணாமல் போனால் எப்படிக் கண்டுபிடித்தோம் என்ற சின்ன சரித்திரத்தை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

எஞ்சினில் எரியும் பெட்ரோலின் சூட்டில் சிறு பங்குதான் சக்கரத்தை ஓட்டுகிறது. மீதியில் ஒரு பகுதி சைலன்சர் வழியே போகும். இன்னொரு பகுதியை வெளியேற்றாவிட்டால் இரும்பே இறுகிவிடும். கார்ல் பென்ஸ் முதலில் செய்த வண்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போவதுதான் குளிர்விக்கும் முறை. 1888-ல் அவர் மனைவி பெர்த்தா, இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனார். வழியில் கிடைத்த இடத்திலெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டேதான் போக வேண்டியிருந்தது. தண்ணீர்க் குடத்துக்கும் காருக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது.

1901-ல் வந்த மெர்சிடிஸ் வண்டிக்காக வில்ஹெல்ம் மேபாக் தேன்கூடு போன்ற ரேடியேட்டரைச் செய்தார். அதில் 8,070 சிறு குழாய்கள். காற்று அவற்றின் ஊடே போகும். தண்ணீர் அவற்றைச் சுற்றி ஓடும். அதன்பின் அதே தண்ணீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த முடிந்தது. காரைக்காலில் நான் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் எங்கள் ஆசிரியர் ஒன்று சொல்வார்: 'ஷோஃபர்' என்றால் டிரைவர் என்று நினைக்கிறீர்கள், உண்மையில் அது கொதிகலனுக்கு நெருப்பு மூட்டுகிறவன் என்ற சொல். நீராவிக் காலத்துப் பெயர் பெட்ரோல் காலத்திலும் ஒட்டிக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், பழைய ஷோஃபருக்குத் தண்ணீர் கொதிக்க வேண்டும். புதிய ஷோஃபருக்குத் தண்ணீர் கொதிக்கக் கூடாது.

கொதிக்காமல் இருக்க ஒரு வழி அழுத்தம். பிரஷர் குக்கரின் தத்துவம்தான். சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்ட் அழுத்தம் கூடினால் தண்ணீரின் கொதிநிலை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி ஏறும். 7 பவுண்ட் மூடி போட்டால் 100 டிகிரிக்குப் பதில் சுமார் 111 டிகிரி வரை தண்ணீர் கொதிக்காது. அந்த வேலையைச் செய்வது ரேடியேட்டர் மூடி. அதற்குள் ஒரு ஸ்பிரிங், ஒரு ரப்பர் வளையம், இரண்டு வால்வுகள். அழுத்தம் மிஞ்சினால் ஒன்று திறந்து நீரை வெளியே விடும். எஞ்சின் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகாதபடி மற்றொன்று திறந்து கொடுக்கும். ஆதியில் இந்த மூடி வெறும் திருகு மூடிதான். 1911 முதல் ரோல்ஸ் ராய்ஸ் வண்டியின் முகப்பில் நிற்கும் பறக்கும் பெண் சிலை, ரேடியேட்டர் மூடிக்கு வைத்த அலங்காரமே.

நம் நாட்டுக்கு வருவோம். 1928-லிருந்து பம்பாய் சிவ்ரியில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களைப் பொருத்தி விற்றது. 1953-ல் அரசு, இங்கேயே பாகங்களைத் தயாரிக்கத் திட்டமில்லாதவர்கள் வெறுமனே பொருத்தி விற்பதை அனுமதிப்பதில்லை என்று முடிவு செய்ததும் அடுத்த ஆண்டே மூட்டை கட்டியது. மிஞ்சியவை பெரும்பாலும் மூன்று: கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் குர்லாவில் பிரீமியர், சென்னை வண்டலூரில் ஸ்டாண்டர்டு. அம்பாசிடர் 1957 முதல் 2014 வரை ஓடியது. முப்பது நாற்பது வருடம் ஒரே வண்டியை வைத்துக்கொள்ளும் நாட்டில் ரேடியேட்டர் ஒழுகுவது வண்டியின் குற்றமல்ல, வயதின் குணம்.

திருச்சியில் அதற்கு வைத்தியர்களும் இருந்தார்கள். நீராவியும் அழுத்தமும் இந்த ஊருக்குப் புதிதா? 1928 முதல் பொன்மலையில் ரயில்வே பணிமனை. 1960-களில் திருவெறும்பூரில் பெல் பாய்லர் ஆலை. கசிவைத் தேடிப் பிடிப்பது ஊரிலேயே ஒரு கைத்தொழில். பாலக்கரைப் பக்கம் ரேடியேட்டர் வேலை செய்தவர்கள் அதன் வாய்களை அடைத்து, தொட்டித் தண்ணீரில் முக்கி, காற்றை ஏற்றுவார்கள். குமிழி வரும் இடத்தில் சாக்பீஸ் குறி. பிறகு பித்தளையைச் சுரண்டி ஈயப்பற்று. சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் பார்க்கிற மாதிரிதான்.

1990-களின் தொடக்கத்தில் எங்கள் தெருவில் ஒரு டாக்சி டிரைவர் குடியிருந்தார். கடன் வாங்கிய பழைய அம்பாசிடர். மாதத் தவணை உண்டு. சமயபுரம் போய் வருவதற்குள் இரண்டு முறை தண்ணீர் ஊற்ற வேண்டிவந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில், ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, எஞ்சினைத் திறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கேட்ட தொகை அவருடைய இரண்டு மாத வருமானம். வீட்டுக்காரியின் சங்கிலியை அடகு வைக்கப் புறப்பட்டவரை, "ஒரு நாள் பொறுங்கள்" என்று நிறுத்தி, பாலக்கரையில் எனக்குப் பழக்கமான ஒரு பெரியவரிடம் கூட்டிப் போனேன். எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம்.

"என்ன பாய், ஹெட்டைக் கழட்டணுமா?" என்றார் டிரைவர்.

"பொறு தம்பி. தண்ணி ஒண்ணு வெளிய போகணும், இல்ல உள்ள போகணும். ரெண்டுக்கும் சாட்சி இருக்கும்" என்றார் பாய்.

எஞ்சின் நன்றாக ஆறும் வரை டீ குடித்தோம். சூட்டில் மூடியைத் திறந்ததன் தழும்பு அவர் முழங்கையில் இருந்தது. அதைக் காட்டித்தான் எல்லோரையும் எச்சரிப்பார். முதலில் ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்த்தார். எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் மோர் மாதிரி வெளுத்திருக்கும். இது கறுப்பாகவே இருந்தது. மூடியில்லாமல் எஞ்சினை ஓடவிட்டு ரேடியேட்டர் வாயைப் பார்த்தார். கேஸ்கெட் போயிருந்தால் விடாமல் குமிழி வரும், வரவில்லை. சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்கவில்லை. ஆகவே உள்ளே போகவில்லை.

அடுத்து வெளியே. வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால் அதன் வழியே சொட்டும். அது காய்ந்திருந்தது. ஹோஸ்களை அழுத்திப் பார்த்தார், வெடிப்பில்லை. அடித் திருகுக் குழாயும் சரி. ராத்திரி வண்டிக்கு அடியில் அட்டையை விரித்து வைக்கச் சொன்னார். காலையில் அட்டையிலும் ஈரமில்லை. நிற்கும்போது ஒழுகவில்லை, ஓடும்போதுதான் போகிறது என்று அதில் தெரிந்தது. கடைசியில் ரேடியேட்டர் கழுத்திலிருந்து இறங்கும் சிறு வழிகுழாயின் முனையில் உப்புப் பூத்த வெள்ளைத் தடம். போர் தண்ணீர் காய்ந்த தடம். மூடியைத் திருப்பிக் காட்டினார். ரப்பர் வளையம் கல்லாகியிருந்தது. ஸ்பிரிங் விரலுக்கே அமுங்கியது. அழுத்தத்தைத் தாங்காமல், சூடேறிய தண்ணீர் சொட்டுச் சொட்டாய் அந்த வழியே போய்க்கொண்டிருந்திருக்கிறது.

புதிய மூடி போட்டார். அன்றைக்கு ஒரு சினிமா டிக்கெட் விலைதான். கூலி வாங்கவில்லை. தவணையும் தவறவில்லை, சங்கிலியும் கழுத்திலேயே இருந்தது. நான் எழுத்தர் வேலை பார்த்தவன். காணாமல் போன கோப்பைத் தேடும்போதும் இதே வரிசைதான். பக்கத்து மேஜையைப் பார்த்துவிட்டுத்தான் ஆவண அறையைப் புரட்டுவோம்.

இந்த மூடிக்கு ஒரு தமிழ்நாட்டுக் கதை உண்டு. 1912 வாக்கில் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் பஸ் விட்ட டி.வி. சுந்தரம் ஐயங்காரை நாம் அறிவோம், டி.வி.எஸ். டோல்கேட் என்று தினமும் அந்த எழுத்துகளைச் சொல்கிறோம். அவருடைய பேரன் சுரேஷ் கிருஷ்ணா நடத்திய சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ், 1990-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஜெனரல் மோட்டார்ஸ் வைத்திருந்த ரேடியேட்டர் மூடி இயந்திரங்களை வாங்கிச் சென்னைக்குக் கொண்டுவந்தது. அதே ஜெனரல் மோட்டார்ஸுக்கு இங்கிருந்து மூடிகள் போயின. 1996 முதல் பலமுறை, ஆண்டின் சிறந்த சப்ளையர் என்ற விருதையும் அந்தக் கம்பெனியே கொடுத்தது. இங்கே பாகங்கள் செய்ய மாட்டோம் என்று 1954-ல் போனவர்களுக்கு, நாற்பது வருடம் கழித்துப் பாகம் போனது சென்னையிலிருந்து!

இன்னும் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஒழுகினால் மஞ்சள் தூள் போடும் லாரிக்காரர் கைவைத்தியம் வழியில் ஊர் வந்து சேர உதவும். ஆனால் அது ஓட்டையை மட்டும் பார்த்து அடைக்காது, நல்ல குழாய்களையும் அடைக்கும். நம் ஊரில் பனி உறையாது, கூலண்ட் எதற்கு என்று வெறும் தண்ணீர் ஊற்றுவதும் சரியல்ல. அதில் உள்ள கிளைக்காலை முதலில் தயாரித்தவர் வுர்ட்ஸ் என்ற பிரெஞ்சு ரசாயன அறிஞர், 1856-ல். அது கொதிநிலையை உயர்த்தும். உடன் சேர்க்கும் மருந்துகள் துருவைத் தடுக்கும். ஆனால் இனிப்பான விஷம். குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் எட்டாமல் வையுங்கள்.

2017-ல் அம்பாசிடர் என்ற பெயரை பிரான்சின் பெஜோ கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கியதாகப் பேப்பரில் படித்தேன். பெயருக்கு விலை உண்டு. பாயின் விரல்களில் இருந்த அறிவுக்கு யாரும் விலை பேசவில்லை. அலுமினிய ரேடியேட்டரும் பிளாஸ்டிக் தொட்டியும் வந்தபின் ஈயப்பற்றுக்கு வேலையில்லை. கழற்றிப் போட்டுப் புதிது மாட்டுகிறார்கள். ஆனால் அவர் கேட்ட கேள்வி எந்த வண்டிக்கும் பொருந்தும். எஞ்சினைத் திறக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், தண்ணீர் எந்த வழியே போகிறது, சாட்சி எங்கே என்று முதலில் கேளுங்கள்.