வலது ஓரத்தில் நின்ற பையன்

ஆல்டூனாவில் ஆட்டம் என்றால் கதவு திறந்தவுடன் உள்ளே போய்விடுவேன். பிட்ஸ்பர்கிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். வலதுபுற வேலிக்குப் பின்னால் பழைய மர ரோலர் கோஸ்டர் நிற்கும். இருக்கைகள் காலியாகக் கிடக்க, பையன்கள் பந்தை எறிந்து பழகிக்கொண்டிருப்பார்கள். ஆட்டத்தைவிட எனக்கு அந்த நேரம்தான் முக்கியம். இந்தப் பழக்கம் 1954இல் நடந்த ஒரு சம்பவத்தைப் படித்ததிலிருந்து வந்தது.

ஆல்டூனா அணி பிட்ஸ்பர்க் பைரட்ஸுக்குக் கீழே இருக்கும் மைனர் லீக் அணி. ஒவ்வொரு பெரிய பேஸ்பால் அணிக்கும் இப்படிச் சிற்றூர்களில் படிப்படியாகக் கீழ் அணிகள் உண்டு. இந்த ஏணியை முறையாகக் கட்டியவர் பிராஞ்ச் ரிக்கி. 1920களில் அவர் நடத்திய செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸிடம் பெரிய வீரர்களை விலைக்கு வாங்கப் பணம் இல்லை. அதனால் சிறிய ஊர் அணிகளை வாங்கி, விதை நெல் போல வீரர்களை அங்கேயே வளர்த்தார். 1926இல் உலகத் தொடரை வென்றார்கள். 1940 வாக்கில் அந்த ஒரு அணிக்குக் கீழே முப்பதுக்கும் மேற்பட்ட அணிகள், அறுநூறுக்கும் மேற்பட்ட வீரர்கள்.

இத்தனை பேரை ஒரே இடத்தில் சேர்த்தால் பலர் தேங்கித்தான் போவார்கள். மேலே இடம் இருக்காது. வேறு அணிக்குப் போகவும் முடியாது. 1938இல் பேஸ்பால் ஆணையர் லாண்டிஸ், கார்டினல்ஸ் பிடியில் இருந்த எழுபதுக்கும் மேற்பட்டவர்களை விடுவித்தார். நீ மேலே ஏற்றாத வீரனை இன்னொரு அணி குறித்த விலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்னும் டிராஃப்ட் விதியும் இந்தத் தேக்கத்தை உடைக்கத்தான்.

இனி 1954. ரிக்கி அப்போது பிட்ஸ்பர்கின் பொது மேலாளர். அணி கடைசி இடத்தில் கிடந்தது. திறமையான வீரர்களைத் தேடிப் போகும் அவருடைய நம்பிக்கைக்குரிய ஸ்கவுட் கிளைட் சுக்ஃபோர்த். பேஸ்பாலின் நிறத்தடையைப் பின்னர் உடைத்த ஜாக்கி ராபின்சனை 1945இல் ரிக்கியிடம் அழைத்து வந்தவரும் அவரே. புரூக்ளின் டாட்ஜர்ஸின் கீழ் அணியான மான்ட்ரியாலில் ஜோ பிளாக் என்னும் பந்துவீச்சாளர் எப்படி வீசுகிறார் என்று பார்க்கப் போனார். ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில், வலது ஓரத்திலிருந்து ஒரு பையன் எறிந்த பந்து அவர் கண்ணை இழுத்தது. பிறகு அவன் மட்டை பிடிப்பதையும் பார்த்தார். போன வேலையை விட்டுவிட்டு அந்தப் பையனையே கவனிக்கத் தொடங்கினார்.

போர்ட்டோ ரிக்கோவின் கரோலினாவிலிருந்து வந்த ராபர்ட்டோ கிளெமென்டே; அந்தப் பருவம் தொடங்கும்போது பத்தொன்பதே வயது. டாட்ஜர்ஸ் அவனுக்குக் கையெழுத்துப் போனஸாக 10,000 டாலர் கொடுத்திருந்தார்கள். 4,000 டாலருக்கு மேல் போனஸ் வாங்கியவனைப் பெரிய அணியில் வைக்காவிட்டால் பருவ முடிவில் டிராஃப்டில் இழக்க நேரும். பிறர் கண்ணில் படாமல் இருக்கத்தான் அவனை அடிக்கடி உட்கார வைத்தார்கள் என்பார்கள் சிலர்; வீசுபவர் எந்தக் கைக்காரர் என்று பார்த்து மாற்றினார்கள், அவ்வளவுதான் என்பார்கள் வேறு சிலர். எப்படியோ, பருவக் கணக்கில் மிஞ்சியது 87 ஆட்டங்கள், .257 சராசரி. காகிதத்தை மட்டும் பார்த்தவன் அடுத்த பெயருக்குப் போயிருப்பான்.

அந்த நவம்பரில், கடைசி இடத்து அணிக்கே உரிய முதல் வாய்ப்பில், பிட்ஸ்பர்க் அவனை 4,000 டாலருக்கு எடுத்தது. பதினெட்டுப் பருவங்கள், சரியாக 3,000 ஹிட்கள், 1960லும் 1971லும் உலகத் தொடர் வெற்றி. 1972 டிசம்பர் 31 அன்று, நிலநடுக்கத்தில் சிதைந்த நிகராகுவாவுக்கு உதவிப் பொருள்களோடு புறப்பட்ட விமானம் கடலில் விழுந்ததில் இறந்தார். இன்று அவர் பெயர் தாங்கிய பாலத்தில் நடந்துதான் பிட்ஸ்பர்க் மைதானத்துக்குப் போகிறேன். அங்கே வலதுபுறச் சுவரின் உயரம் 21 அடி. அவர் சட்டையில் இருந்த எண் 21.

அந்த டிராஃப்ட் விதி இன்றும் இருக்கிறது. எடுத்த வீரனைப் பருவம் முழுக்கப் பெரிய அணியில் வைத்திருக்க வேண்டும். முடியாவிட்டால் பழைய அணிக்குத் திருப்பித் தர முன்வர வேண்டும். 1999இல் இந்த வழியில் கை மாறிய யோஹான் சந்தானா பின்னாளில் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதை இரண்டு முறை வாங்கினார். ஆனால் விதி கதவை மட்டும்தான் திறந்து வைக்கும். யாரைக் கூட்டி வருவது என்பதை, சீக்கிரமே வந்து வேலியோரம் நிற்கும் ஒருவரின் கண்தான் சொல்ல வேண்டும். அதனால்தான் ஆல்டூனாவில் முதலில் வலது ஓரத்தைப் பார்க்கிறேன்.