ஆதிமூலத்தின் கோடும் தமிழ் நூலாக்கமும்

ஆரணியை அடுத்த பெரணமல்லூரில், பட்டுச் சேலையின் முந்தானைக்குரிய உரு முதற்கண் கட்டத்தாளில் வரையப்படும். பின்னர்த் துளையிட்ட அட்டைகளாக மாறி ஜக்கார்டுப் பெட்டியில் ஏறும். அட்டையில் துளை இருப்பின் பாவிழை உயரும், இல்லையேல் உயராது. இரண்டிற்கும் இடைப்பட்ட நிலை என ஒன்றில்லை. நெய்தவரை ஊரார் அறிவர். விற்றவர் பெயரைச் சேலைப் பெட்டியே கூறும். உருவை வரைந்தவர் பெயரோ எங்கும் இராது.

தமிழ் நூல்களின் நிலையும் இதனின் வேறன்று. ஆசிரியர், பதிப்பாசிரியர், அச்சகம், ஆண்டு ஆகியவற்றை நம் நூற்பட்டியல்கள் தருகின்றன. உரையாசிரியர் ஒருவரின் காலத்தை வரையறுக்கப் பல பக்கங்கள் செலவிடும் நாம், நூலின் முகப்பை ஆக்கியவரை ஒரு வரியிலும் குறிப்பதில்லை. பெரிய எழுத்துக் கதைநூல்களின் படங்களை மரக்கட்டையிற் செதுக்கியோர் பலரும் இவ்வாறே பெயரின்றி மறைந்தனர். வேல்சு நாட்டில் 1922-இல் தோன்றிய கிரெகினாக் அச்சகத்தின் நிலை வேறு. அது 1931-இல் வெளியிட்ட ஈசாப்புக் கதைகளை, மரச்செதுக்கு ஓவியங்களைப் படைத்த ஆக்னசு மில்லர் பார்க்கரின் பெயரோடு சேர்த்தே நூலறிஞர் சுட்டுவர்.

நம்மிடையே அவ்வாறு சுட்டத்தக்கவருள் முதன்மையானவர் ஓவியர் கே. எம். ஆதிமூலம் (1938–2008). துறையூரை அடுத்த கீராம்பூரிற் பிறந்த இவர், சிற்பி எஸ். தனபாலின் வழிகாட்டலாற் சென்னை ஓவியக் கல்லூரியிற் பயின்று 1966-இல் பட்டயம் பெற்றார். காந்தியடிகள் நூற்றாண்டான 1969-இல் இவர் வரைந்த நூறு காந்தி ஓவியங்கள் பலரும் அறிந்தவை. பிற்காலத்து வண்ண ஓவியங்களைப் பற்றிக் கலைத்துறையினர் எழுதியுள்ளனராதலின், அவை ஈண்டு விடப்பட்டன.

இலக்கிய வரலாற்றிற்கு உரியது இவரது கருமைக் கோடே. 1960, 70-களின் சிற்றிதழ்கள் சில நூறு படிகளே அச்சாயின. கையால் அச்சுக் கோத்தலும், மலிவான தாளுமே அவற்றிற்கு இயன்றவை. நிழலும் மென்சாயலும் உள்ள படத்தை அச்சிட ‘ஆப்டோன் பிளாக்’ வேண்டும். அதன் நுண்புள்ளிகளோ சொரசொரப்பான தாளில் மையோடு கலந்து அப்பிவிடும். ‘லைன் பிளாக்’ அத்தகையதன்று. அதில் மை படும் இடமும் படாத இடமும் மட்டுமே உண்டு. எழுத்தோடு ஒருங்கே முடுக்கி, எழுத்து அச்சாகும் தாளிலேயே அச்சிடலாம். எனவே, ‘கசடதபற’ (1970) போன்ற இதழ்களின் காலத்தில், சாயலின்றிக் கோட்டாலேயே உருவம், எடை, ஒளி அனைத்தையும் காட்டவல்ல கை ஒன்று புதிய இலக்கியத்திற்கு வாய்த்தது சிறு செய்தியன்று. அக்கோடு கவிதைக்கு விளக்கப் படமாக நில்லாமல், அதன் பக்கத்தில் தனிக்கூற்றாகவே நின்றது.

ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்திற் பணிபுரிந்தவர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. கைத்தறிக்குரிய உருக்களை ஓவியரைக் கொண்டு ஆக்குவித்த அரசு நிறுவனம் அது. இதனைக் கொண்டு, அவரது கோடு தறியிற் பிறந்தது என்று கூறிவிட மனம் விழையும். பெரணமல்லூர்க் கட்டத்தாளைக் கண்ட எனக்கும் அவ்விழைவு எழுந்தது. ஆனால், அவர் தம் கோட்டோவியத் தொகுப்பிற்கு வகுத்த கால எல்லை 1962-இல் தொடங்குகிறது. அப்போது அவர் மாணவர். ஆகவே, தறி அவருக்குக் கோட்டைத் தரவில்லை. கட்டத்தாளும் லைன் பிளாக்கும் ஒரே வகைக் கட்டுப்பாட்டைக் கேட்பவை. அதற்குப் பழகிய கை இரண்டிடத்தும் பயன்பட்டது என்பதே பொருந்தும்.

இக்கோடு பெருவாரியான வாசகரைச் சென்றடைந்தது, கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ ஜூனியர் விகடனில் வெளிவந்தபோது. பேச்சுநடையில் எழுதப்பெற்ற அக்கட்டுரைகளுக்கு மெருகேற்றிய படங்கள் ஒவ்வா. ஆதிமூலத்தின் முரட்டுக் கோடுகள் கி. ரா.வின் சொற்களைப் போலவே வெயிலிற் காய்ந்தவை. நூல்களுக்கும் இதழ்களுக்கும் அவர் எழுதிய தலைப்பெழுத்துகளோ, ஓவியத்தினும் மிகுதியாகப் பின்பற்றப்பட்டன. அச்சுக்கூடத்து ஈய எழுத்தின் சீரான வளைவை விடுத்து, பேனாவின் அழுத்தமும் கோணலும் தெரிய எழுதினார். இன்று புதினத்தின் முகப்பில் கையெழுத்துச் சாயலில் தலைப்பைக் காண்போர், அதனை இயல்பென்றே கருதுகின்றனர்.

இவற்றை ஆராயப் புகுவோர்க்கு முதல் இடையூறு நூலகத்திலேயே உள்ளது. 1970-களின் கவிதைத் தொகுப்புகளைத் தேடி நூலகம் ஒன்றிற்குச் சென்றபோது, எடுத்த நூல்களிற் பெரும்பாலானவை பச்சைத் துணியட்டையிற் கட்டப்பட்டிருந்தன. கட்டுவோர் முகப்பைக் கிழித்துவிட்டே தைத்துள்ளனர். மறுபதிப்பில் உள்ளே ஒன்றும் மாறாது முகப்பு மட்டும் மாறுவதும் உண்டு; ஆதலின் இழந்தது படம் மட்டுமன்று, பதிப்பு வரலாற்றுச் சான்றும் ஆகும். அங்குக் கண்ட தொகுப்புகளுள் ஒன்று பின்னர் முகப்போடு கிடைத்தது, பெரணமல்லூரைச் சேர்ந்த எம் முதுகலை மாணவி ஒருவரின் வீட்டில். அவர் தந்தையார் கட்டத்தாளில் உரு வரைபவர். நூலைக் கையில் வாங்கியதும் அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அடியில் மிகச் சிறிய எழுத்தில் இருந்த ‘அட்டை: ஆதிமூலம்’ என்பதை எமக்குக் காட்டினார்.