மயிலின் சட்ஜம்

நெய்க்குப் பெயர்போன ராசிபுரத்தை வெளியுலகம் ஓர் ஒற்றை எழுத்தாகவே அறிந்திருக்கிறது. ஆர்.கே. நாராயண் (1906–2001), அவருடைய தம்பியும் கேலிச்சித்திரக்காரருமான ஆர்.கே. லக்ஷ்மண் (1921–2015) இருவரின் பெயருக்கும் முன்னால் நிற்கும் 'ஆர்' இந்த ஊர்தான். ஆனால் நாராயண் வளர்ந்தது சென்னைப் புரசைவாக்கத்தில், 'அம்மணி' என்றழைக்கப்பட்ட பாட்டியின் வீட்டில். கணக்கு, புராணம், சமஸ்கிருதம் ஆகியவற்றோடு கர்நாடக இசையையும் பேரனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அந்தப் பாட்டி. சிறுவனுக்கு அங்கே விளையாட்டுத் துணை ஒரு மயிலும் ஒரு குரங்கும்.

அந்த மயிலைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு 'நாரதீய சிக்ஷை' நினைவுக்கு வரும். ஏழு ஸ்வரங்களையும் அந்நூல் உயிரினங்களின் குரலோடு பொருத்துகிறது. சட்ஜம் மயில், ரிஷபம் மாடு, காந்தாரம் ஆடு, மத்திமம் கிரௌஞ்சப் பறவை, பஞ்சமம் குயில், தைவதம் குதிரை, நிஷாதம் யானை. மயில் அகவுவதை ஒருமுறையேனும் அருகில் நின்று கேட்டவர்களுக்கு அதில் சட்ஜத்தின் அமைதி துளியும் இல்லை என்பது தெரியும். ஆட்டின் குரலை அளந்து காந்தாரத்தோடு ஒப்பிடப் புறப்படுபவர் விஷயத்தைத் தவறவிட்டுவிடுவார். ஏழு இடங்களும் குழந்தையின் மனதில் தங்க ஒரு மிருகக் காட்சிசாலையே போதும். நடுவே யாராவது ஆடுபோலக் கத்திச் சிரிக்கவைத்தால் காந்தாரம் மறக்கவே மறக்காது.

இந்த உத்தி நமக்கு மட்டும் உரியதன்று. பதினொன்றாம் நூற்றாண்டில் அரெஸ்ஸோ நகரத்துத் துறவி குய்தோ, ஒரு துதிப்பாடலின் அடிகள் தொடங்கும் அசைகளையே ஸ்வரப் பெயர்களாக்கினார். 1959இல் மேடையேறி 1965இல் திரைப்படமான 'சவுண்ட் ஆஃப் மியூசிக்'கில் அவ்வழியில் வந்த பெயர்கள் பெண்மான், சூரியக் கதிர், தேநீர் என்று சிலேடைகளாயின. குழந்தைகளுக்கு இசைப்பாடமாக அமைந்த நகைச்சுவைகளில் இதைவிடப் புகழ்பெற்றது வேறில்லை.

நம் பக்கத்தில் முத்துசுவாமி தீட்சிதர் இன்னொரு காரியம் செய்தார். ஆங்கிலேயப் பாண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த மெட்டுகளை எடுத்துக்கொண்டு அவற்றுக்குச் சமஸ்கிருதச் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் எனப்படும் இவற்றை இன்றும் சிறுவர்களுக்குக் கற்றுத்தருகிறார்கள். அரசரை வாழ்த்தும் ஆங்கிலேய கீதத்தின் மெட்டில் அம்பாளைப் பாடியதை நினைத்தால் எனக்குப் புன்னகை வரத்தான் செய்கிறது. தெரிந்த உருவத்தில் எதிர்பாராத சொல்லைப் பொருத்துவது! வடிவேலுவின் முகத்துக்குக் கீழே புதுவசனம் எழுதும் இன்றைய மீம்காரர் செய்வதும் வேறென்ன?

தாளத்தில் இது இன்னும் எளிது. 'தகிட' மூன்று, 'தகதிமி' நான்கு. 'அவியல்', 'தயிர்வடை' என்று சொல்லித் தட்டிப் பாருங்கள். 'வடை அவியல்' என்றால் கண்டம், 'அவியல் தயிர்வடை' என்றால் மிச்ரம். பசித்த பிள்ளை ஒருபோதும் எண்ணிக்கை தவறாது.

ஆனால் இணையத்தில் சுற்றிவரும் கர்நாடக இசை மீம்களில் நான் பார்த்தவை பெரும்பாலும் வேறு ரகம். பாடகரின் முகக்கோணல், தொடையில் தட்டும் கை, முடியாத ஆலாபனை ஆகியவையே அவற்றின் சரக்கு. இவற்றைப் பார்த்துச் சிரித்த குழந்தை, மறுநாள் வகுப்பில் தானே வாய் திறந்து அகாரம் பாடவேண்டி வரும்போது கூசிப்போகிறது. ஆட்டைக் கேட்டுச் சிரித்த குழந்தைக்கு அந்தக் கூச்சம் இல்லை. அது சிரித்தது ஸ்வரத்தோடு சேர்ந்து, பாடுபவரைப் பார்த்து அல்ல.

ஆட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. சாதாரண காந்தாரத்துக்கும் ஆடுதான், அந்தர காந்தாரத்துக்கும் அதே ஆடுதான். அந்த இடம் வந்ததும் சிரிப்பைச் சற்று நிறுத்திவிட்டுச் சுருதிப்பெட்டியைத் திறக்க வேண்டியிருக்கிறது.