சர்பத்தின் பூர்வீகம்

சித்திரை பிறந்தால் பாட்டி நன்னாரி வேரை உரலில் போட்டு நசுக்குவாள். நடுவிலுள்ள கட்டையை எறிந்துவிடுவாள்; வாசனையெல்லாம் பட்டையில்தான். அதைக் கொதிக்க விடக் கூடாது, மணம் ஓடிவிடும். வெந்நீரில் போட்டு இரவெல்லாம் மூடி வைத்து, காலையில் வடிகட்டிச் சர்க்கரை கரைப்பாள். பிறகு எலுமிச்சம் பழச்சாறு, பானைத் தண்ணீர்.

"எல்லாம் நம்ம ஊர்ச் சரக்குடா!" என்று பெருமை வேறு.

சரக்கு சரி, பெயர்? 'சர்பத்', குடிப்பதைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்து, பாரசீகம் வழியாக நம் கூஜாவுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. நன்னாரியோ எதிர்த் திசையில் புறப்பட்டது. அமெரிக்க சார்ஸபரில்லா வேருக்குப் பதிலாக வெள்ளைக்கார வைத்தியர்கள் இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1864-ல் பிரிட்டிஷ் மருந்து நூலிலேயே சேர்த்துவிட்டார்கள். அந்த நாளில் சென்னைத் துரைமார்களின் டம்ளரில் மிதந்த பனிக்கட்டி, அமெரிக்காவிலிருந்து மரத்தூளில் பொதிந்து கப்பலேறி வந்தது! அதற்காகக் கடற்கரையில் 1842-ல் எழும்பிய ஐஸ் ஹவுஸ்தான் இன்று விவேகானந்தர் இல்லம்.

இதையெல்லாம் பாட்டியிடம் ஒரு நாள் அளந்தேன்.

"பானை இருக்கச்சே பனிக்கட்டி எதுக்கு?" என்று கேட்டாள். அவ்வளவுதான் அவளுக்குச் சரித்திரம்.

அவள் போன பிறகு, ஒரு கோடையில் நானே வேர் வாங்கி வந்து நசுக்கினேன். எலுமிச்சை இருந்தது, பானையும் இருந்தது. அவசரத்தில் கொதிக்க வைத்துவிட்டேன்.